பாறைக்குள் கலாமணி

நீரியலாளர் வேலைக்கு வருகிறவர்கள் நான்கு தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மூன்றை யாரும் படிப்பதில்லை. நான்காவதை மட்டும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவைக் கையில் கொடுப்பார்கள். அதில் இரண்டே வரி. இன்று முதல் எனக்குச் சொந்தக் கனவு வராது என்பதை அறிவேன். பின்னாளில் அதைத் திருப்பித் தரும்படி கேட்க மாட்டேன்.

நாச்சிமுத்து பேனாவின் மூடியைக் கழற்றினான், திரும்பவும் போட்டான். எதிரே டாக்டர் ஜெபராணி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இந்த மூடி கழற்றிப் போடும் விளையாட்டை அவர் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறார்.

நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்திரண்டு வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனது. கடைசிப் பத்து வருஷம் இந்த ஊத்துப்பாறைக் குறுவட்டத்திலேயே ஆயிரத்துக்கு மேல் துளை போட்டிருக்கிறான். பாதிக்கு மேல் புழுதிதான் வந்தது. மழை ஏழு வருஷம் ஏமாற்றிய பிறகு அரசாங்கம் புதுத் துளைக்கே தடை போட்டுவிட்டது. ரிக் வண்டிகள் பழைய இரும்புக்குப் போயின. அப்போது 'அனுபவ வழி' என்று ஒரு கதவைத் திறந்தார்கள். பாறையோடு பதினைந்து வருஷம் பழகியவர்கள், ஒரு வருஷம் படித்துப் பரீட்சை எழுதினால் நீரியலாளர் ஆகலாம். மண்ணியலையும் மழையளவையும் நாச்சிமுத்து ஒரே மூச்சில் தாண்டினான். கணிதத்தில் இரண்டு முறை மண்ணைக் கவ்வி, மூன்றாம் முறை தட்டுத்தடுமாறித் தேறினான். மிச்சம் இருந்தது இந்த நாலு தாளும், மூன்று மதியத் தூக்கமும்தான்.

"தண்ணி மட்டத்த அளக்கறதுக்கு மெசின் இருக்குதுங்களே மேடம். கனவு எதுக்குங்க போகோணும்?" என்று கேட்டான்.

ஜெபராணி நாசரேத்துப் பக்கம். இவனைவிடப் பதினைந்து வயது சிறியவர். "மட்டத்த மெஷின் சொல்லிரும்ணே. ஆனா இந்த ஊர்த் தண்ணி பாறை வெடிப்புலல்லா கெடக்கு. எந்த வெடிப்பு எதோட சேருதுன்னு ஒரு மெஷினுக்கும் பிடிபடல. அதான் பாழாப்போன போர்வெல் ஒவ்வொண்ணுலயும் கம்பி இறக்கியிருக்கோம். அத்தனை கம்பியையும் சேத்து, தூங்குற ஒரு மண்டைக்குள்ள விட்டா, மண்டை அத ஒரு இடமா ஆக்கிக்கிடுது. உள்ள நடந்து பாத்துட்டு வந்து, எங்க ஈரம், எங்க வறட்சின்னு சொல்லலாம். கனவு காங்குற எடத்தத்தான் தண்ணி எடுத்துக்கிடுது. ரெண்டுக்கும் அங்க எடம் இல்ல."

"அப்ப என்ற கனவெல்லாம் எங்கீங்க போகும்?"

"அத யாரும் அளந்ததில்லண்ணே."

நாளைக்கு வந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து எழுந்தான்.

ஒரு கையெழுத்துக்கு இத்தனை தயக்கம் வர ஒரே காரணம்தான் உண்டு. அவள் பெயர் கலாமணி. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் மண்டைக்கு ஏறி, வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஆறு முறை போன் செய்திருந்தாள். நாச்சிமுத்து எண்ணூறு அடியில் துளை போட்டுக்கொண்டிருந்தான். கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவள் எப்போதும் போன் செய்வதுதான். "புழுதியா, தண்ணியா?" என்பாள். பதிலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அன்றைக்கும் அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று, மாலையில் போனைப் பார்த்தபோதுகூட அவன் நினைத்தான்.

செத்தவள் ஒரு மாதத்தில் கனவில் வந்தாள். அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சண்டை, மாட்டு வைத்தியம், எவள் எந்தப் புடவையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாள் என்று ஊர்க்கதை பேசினாள். வாரத்தில் மூன்று நாளாவது வருவாள். நாச்சிமுத்து மறுகல்யாணத்துக்கு மறுத்ததை ஊரில் பெரிய தியாகமாகப் பேசினார்கள். வீட்டில் பெண்டாட்டி இருக்கும்போது யாராவது இன்னொரு கல்யாணம் செய்வார்களா என்பது அவனுக்கல்லவா தெரியும்.

மறுநாள் விடிகிற நேரத்துக்குக் கலாமணி கனவில் வந்தாள். மடியில் மொச்சைக்காய் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"போட்டுருங்க கையெழுத்த. வேலவெட்டி இல்லாம எத்தன நாளைக்கு ஊட்டுலயே உக்காந்திருப்பீங்க?"

"நீ வரமாட்டியாமா."

"நாலு வருசமாப் பேசுன கதையவேதானுங்க பேசிட்டிருக்கறோம்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

விழித்ததும் அவனுக்குக் குழப்பமாகிவிட்டது. அவள் சொன்னாளா, வேலை கிடைக்கிற ஆசையில் தானே அவள் வாயில் போட்டுக்கொண்டதா? யாரிடம் கேட்பது? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். இறங்கி முகம் கழுவிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டான்.

தூக்கப் பரீட்சை மதியம் ஒன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் குறுவட்டம் முழுக்க மும்முனை மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். எல்லா மோட்டாரும் நின்று, பாறைக்குள் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு அசையும். நான்கு மணிக்கு மின்சாரம் வந்துவிட்டால் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் ஒரே சமயத்தில் இழுக்கும். அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும்.

முதல் நாள் அவன் கண்டது துளைகளை. தலைக்கு மேலே, உயரத்தில், வரிசை வரிசையாகச் சின்ன வெளிச்சப் பொட்டுகள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது, அவை தான் போட்ட துளைகள். இருபத்திரண்டு வருஷம் மேலே நின்று குனிந்து பார்த்தவன், முதல் முறையாகக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். இவ்வளவு பொத்தல் போட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழகாக இருந்ததை மறுக்க முடியவில்லை. காலடியில் பாறை லேசாக வியர்த்திருந்தது. எங்கோ தண்ணீர், அவசரமே இல்லாமல், ஒரு வெடிப்பிலிருந்து இன்னொரு வெடிப்புக்குக் குடிபோய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மேற்கே ஒரு ஈர நரம்பைத் தொட்டுக்கொண்டே நெடுந்தூரம் நடந்தான். விழித்து அவன் சொன்ன திசையும் ஆழமும் கம்பிகள் காட்டிய அளவோடு பொருந்தின. ஜெபராணி முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

மூன்றாம் நாள் அந்த நரம்பு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குளம் இருந்தது. கரையில் கலாமணி காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கயும் வந்துட்டீங்களா?" என்றாள்.

அவன் கனவு காண்கிற இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டபோது, அதிலிருந்தவள் தண்ணீரோடு போயிருக்க வேண்டும். அப்படித்தான் நாச்சிமுத்து பிற்பாடு யோசித்து வைத்துக்கொண்டான். அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் காலை நனைத்தான். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

விழித்ததும் வழக்கமான கேள்விகள். திசை, ஆழம், ஈரம், மணம். கடைசிக் கேள்விக்கு ஜெபராணி எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் கண்ணைப் பார்த்தார்.

"மனுஷங்க யாரும் வந்தாங்களாண்ணே?"

வந்தார்கள் என்றால் அத்தோடு முடிந்தது. கனவு முழுசாகத் தண்ணீருக்குப் போகவில்லை, மனசு நடுவில் புகுந்து பேசுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் சொல்கிற அளவை நம்பி ஊருக்குத் தண்ணீர் பங்கு போட முடியாது. ஆயுசுக்கும் அந்தக் கம்பியைத் தொட விடமாட்டார்கள்.

"இல்லீங்" என்றான் நாச்சிமுத்து.

அடுத்த வாரமே பதினோரு ஊருக்கு அவன் நீரியலாளர் ஆனான். தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் படுத்து, கம்பியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு தூங்குவதற்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. உறவுக்காரர்கள் செய்த கேலிக்கு அளவில்லை. நாலு மணிக்கு எழுந்து குறிப்பு எழுதுவான். வீட்டுக்கு எத்தனை குடம் என்பது அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவாகும். அவன் எழுதியதை யாரும் மறுத்துப் பேசவில்லை. பாறைக்குள் போய் வந்தவன் அவன் ஒருவன்தானே.

கலாமணி தினமும் இருந்தாள். வாரம் மூன்று நாள் வந்தவள் இப்போது ஏழு நாளும் காத்திருந்தாள். ஐப்பசி மழை இறங்கியபோது அவள் குரல் பாறை முழுக்கக் கேட்டது. சிரித்தால் சுவரெல்லாம் அதிர்ந்தது. மாசியில் தொண்டை கட்டினாற்போல் ஆனாள். சித்திரையில், மட்டம் வெகு கீழே போனபோது, உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஒரு மதியம் பாதியிலேயே, பேச்சின் நடுவிலேயே, ஆளைக் காணவில்லை. ஆவணியில் மழை பெய்து குளம் ஊறியதும்தான் திரும்பி வந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டதற்கு, எங்கேயும் போகவில்லையே என்றாள்.

தண்ணீர் இருக்கிற வரைக்கும்தான் அவள் என்பது நாச்சிமுத்துவுக்குப் புரிந்துபோனது.

அடுத்த தை மாதக் குறிப்பில் வீட்டுக்குப் பத்துக் குடம் என்று எழுத வேண்டிய இடத்தில் எட்டு என்று எழுதினான். முன்னெச்சரிக்கை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மாசியில் ஏழு, பங்குனியில் ஆறு. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கோடையில் மட்டம் இறங்காத ஒரே குறுவட்டம் ஊத்துப்பாறைதான், மற்ற நீரியலாளர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. கடிதத்தைக் கலாமணியிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான். ஏன் ஆறு என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெள்ளரிப்பாளையத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறவள் பெயர் மரகதம். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியின் வால்வு இருபது வருஷமாக அவள் கையில் இருக்கிறது. சித்திரை பிறப்பதற்கு முந்தின வாரம் அவள் நீரியல் நிலையத்துக்கு வந்தாள். கையில் ஒரு கயிறு. நுனியில் கல், கல்லுக்கு மேலே முழத்துக்கு ஒரு முடிச்சு. ஊர்ப் பொதுக்கிணற்றில் தினமும் காலை இதை விட்டுப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு. அரசாங்கம் சொல்லிச் செய்வதல்ல, அவளாகச் செய்வது.

தைப்பொங்கலிலிருந்து கிணற்றில் ஒரு முழம்கூட இறங்கவில்லை என்றாள். ஆனால் குடம் குறைந்துகொண்டே போகிறது. பள்ளிக்கூடக் கழிப்பறையில் ஊற்றத் தண்ணீர் இல்லாததால் மதியத்தோடு பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள் பள்ளிக்கே வருவதில்லை. அதில் இரண்டு பேருக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இதையெல்லாம் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

நாச்சிமுத்து அதிகாரித் தோரணைக்கு மாறினான். கயிறு ஒரு கிணற்றைத்தான் பார்க்கும், நான் குறுவட்டம் முழுவதையும் பார்க்கிறேன் என்றான். வெடிப்பு, நரம்பு, மறுஊறல் என்று ஒரு வருஷம் படித்ததையெல்லாம் அவள் முன்னால் கொட்டினான். சொல்லச் சொல்ல அவனுக்கே அவன் குரல் பிடிக்கவில்லை.

மரகதம் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "உள்ள போய்ப் பாத்தவரு நீங்க. கவுறு போடறவளுக்கு என்னங்க தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயர்றனுங்க. அத்தன தண்ணியையும் கீழ யாருக்காவ வெச்சிருக்கறீங்க?"

அவள் குத்திக் கேட்கவில்லை. அடுத்த வருஷத்துக்கா, பேரன் பேத்திகளுக்கா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாச்சிமுத்துவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மதியம் குளம் நிறைந்து கிடந்தது. கலாமணி முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பு பூசினாற்போல் இருந்தது. யாரோ ஒருத்தி நகையை அடகு வைத்துக் காது குத்து நடத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எட்டு, ஏழு, ஆறு. பள்ளிக்கூடம். மாப்பிள்ளை பார்ப்பது.

கலாமணி மெதுவாகக் கரையேறி வந்தாள். "அந்தப் புள்ளைக ஊட்டோட கெடக்குதுக. நா இங்க கால நனைச்சிட்டிருக்கறனாக்கும். கேவலமா இல்லீங்களா உங்களுக்கு?"

"தண்ணி எறங்குனா நீ போயிருவ, கலா."

"நாந்தான் ஒருக்காப் போயிட்டனே. பொறவு என்ன?"

"அன்னிக்கு நா போன எடுக்கல" என்றான். ஐந்து வருஷத்துக்கு மேல் அவளோடு பேசிக்கொண்டிருந்தும், ஒருநாள்கூட அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அது. "இப்ப எப்பிடி உன்னைய விடறது?"

"கம்ப்ரசர் ஓடும்போது இடி விழுந்தாக்கூடக் கேக்காது. எனக்குத் தெரியாதுங்களா?" அவன் தோளில் ஈரக் கையை வைத்தாள். "எந்திரிச்சுப் போயி உள்ளத எழுதுங்க."

இந்தத் தடவையும் அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, சொன்னது அவளா, தன் மனசாட்சியா என்று. யார் சொன்னாலும் சரியான வார்த்தை சரியான வார்த்தைதான்.

எழுந்து எழுதினான். வீட்டுக்குப் பன்னிரண்டு குடம் கொடுக்கலாம். மூன்று மாதக் குறிப்பும் பொய், வேண்டுமென்றே குறைத்து எழுதியது. கடைசிக் கட்டத்தில், ஒன்றரை வருஷமாக 'இல்லை' என்று எழுதிவந்த இடத்தில், 'உண்டு. என் மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஜெபராணி அதை நின்றபடியே படித்தார். முதல் காரியமாகப் பதினோரு ஊருக்கும் தண்ணீரை உயர்த்தச் சொல்லிப் போன் செய்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"கடைசி வரிய எழுதாமலே இருந்திருக்கலாமேண்ணே. அளவ மட்டும் திருத்தியிருந்தா நா கேட்டிருக்கவே மாட்டேன்."

"கம்பி நெத்தியில இருந்தா நாளைக்கு மறுபடியும் கொறைப்பனுங்க மேடம். எனக்கு என்னையத் தெரியும்."

விசாரணை முடிகிறவரை கம்பியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. விசாரணை முடிந்ததும் இனி எப்போதுமே தொடக் கூடாது என்று இன்னொன்று வந்தது. போன சொந்தக் கனவும் திரும்பவில்லை. படுத்தால் இருட்டு, எழுந்தால் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. பழைய சாய்வு நாற்காலி மாதிரி ஒன்றை வீட்டில் வாங்கிப் போட்டு மதியத்தில் படுத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கலாமணி இரண்டாம் முறை செத்ததற்கு யாரிடம் போய்த் துக்கம் சொல்வது என்று தெரியாமல், முதல் தடவை அழாததையும் சேர்த்து அழுதான்.

வைகாசி கடைசியில் அவனுக்கு வெள்ளரிப்பாளையம் போய்ப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பள்ளிக்கூடம் மாலைவரை நடந்தது. வாசலில் பெண் பிள்ளைகளின் சைக்கிள்கள் நின்றன. தொட்டிக்கு அடியில் மரகதம் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு, வீதியில் ஓடும் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை போன விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பேசாமல் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். கிணற்றில் மட்டம் இறங்குகிறதா என்று கேட்டான். இறங்குகிறது, ஆனால் ஆடி வரை தாங்கும் என்றாள்.

பிறகு, சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள்.

"தண்ணி சேத்தி விட ஆரம்பிச்சதுல இருந்து ஒரு பொம்பள என்ற கனவுல வருதுங்க. யாரு என்னன்னே தெரியல. மத்தியானம் இங்க மரத்தடியில ஒரு கண்ணு அசருவேன் பாருங்க, அப்பத்தான். பக்கத்துல வந்து உக்காந்து, கரண்டு வர நேரமாச்சு, எந்திரிடீங்கறா. ஏதோ கூடப் பொறந்தவ கணக்கா அதட்டறா. இடது கையில ஆறு வெரலுங்க. அந்த ஆறாவது வெரல்ல மோதரம் போட்டிருக்கறா. எங்கயாச்சும் கண்டிருக்கறீங்களா?"

கண்டிருக்கிறான். முகூர்த்தத்தன்று அந்த மோதிரம் மற்ற எந்த விரலுக்கும் ஏறாமல், மண்டபமே சிரித்தபோது, பெண்ணே ஆறாவது விரலை நீட்டினாள். அதைப் போட்டுவிட்ட கை இப்போது சொம்பைக் கீழே வைக்க இடம் தேடியது.

"உங்க கனவுல மட்டுந்தானுங்களா வர்றா?" என்று கேட்டான்.

"அதானுங்க அதிசயம். தண்ணி எடுக்க வந்த எடத்துல பேச்சு வந்துச்சு. இந்த வீதியிலயே நாலு பேருத்து கனவுல வந்திருக்கறா. மேல வீதி வாத்தியாரு சம்சாரத்துகிட்ட ஊர்க்கத முச்சூடும் பேசுனாளாமா. எல்லாரும் கேட்டாங்க, யாருடி அவன்னு. உங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியும் என்றான் நாச்சிமுத்து. சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து, மடியில் வைத்துத் திறந்தான். இதுவரை அவன் விழித்ததும் யாராவது கேட்பார்கள், அவன் சொல்வான். இப்போது கேட்க வேண்டியவன் அவன்.

"மொதல்ல உங்களுதச் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லோணும். பொறவு அந்த நாலு ஊட்டுக்கும் வழி சொல்லுங்க."

மரகதம் சொல்லிக்கொண்டே போனாள், அவன் எழுதிக்கொண்டே வந்தான். நாலு மணிக்கு மின்சாரம் வந்து ஊர் மோட்டாரெல்லாம் ஓடத் தொடங்கியபோது அவன் எழுந்து, வாத்தியார் வீடு எது என்று கேட்டுக்கொண்டு மேல வீதிப் பக்கம் நடந்தான்.